எங்கள் சந்தின் சர்க்கரை அளவு

அம்மா அந்தக் கருவியைக் கையில் வாங்கியதும் முதலில் செய்தது அதை எடை பார்த்ததுதான். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மெல்ல ஏற்றி இறக்கினாள். அறுபது கிராம்கூடத் தேறாது என்றாள். முப்பத்தோரு ஆண்டுகள் ராயபுரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருந்தவள் அவள். கடையை விட்டுப் பத்தாண்டுகள் ஆகியும், கைக்கு வந்த எதையும் நிறுத்துப் பார்க்காமல் கீழே வைக்கும் வழக்கம் அவளுக்கு வரவில்லை.

கருவியை அனுப்பியது என் தம்பி. வளைகுடா நாடொன்றில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை செய்கிறான். எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சர்க்கரை நோய்க்காரர். காலில் ஏற்பட்ட ஒரு சிறு புண்ணை யாரிடமும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்து, கடைசியில் அந்தக் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். தம்பி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதனால் அம்மாவுக்கும் அதே நோய் என்று தெரிந்த நாளிலிருந்து, தூரத்தில் இருந்தபடியே அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு வழியை அவன் தேடிக்கொண்டிருந்தான். இந்தக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் ஐந்து நொடியில் சர்க்கரை அளவு தெரியும். தெரிந்த எண் அம்மாவின் கைபேசிக்குப் போகும். அங்கிருந்து கடல் தாண்டி அவனுடைய கைபேசிக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை அதன் சுருக்கத்தை அவன் அம்மாவின் மருத்துவருக்கு அனுப்புவான். ஏற்பாடு அவ்வளவுதான்.

அதைப் பொருத்திக் கொடுத்தவள் நான். திருவொற்றியூரில் ஒரு கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். எழுத்து என்று ஒன்று அச்சாகியிருந்தால் அதை முழுவதும் படித்துவிடும் பழக்கம் உண்டு. கருவியோடு வந்த கையேட்டில் ஏழு மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உட்கார்ந்து ஆங்கிலப் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், இக்கருவி ஒரே நபரின் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது என்று எழுதியிருந்தது. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணி அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. கைபேசியில் அம்மாவின் பெயரையும் பிறந்த ஆண்டையும் பதிந்தேன். சம்மதமா என்று கேட்ட இடங்களிலெல்லாம், அம்மாவைக் கேட்காமலேயே, அவளுக்காகச் சம்மதித்தேன்.

முதல் ஒரு மாதம் அம்மாவுக்கும் கருவிக்கும் ஒத்துவரவில்லை. உப்பிலும் வெயிலிலும் காய்ந்து தடித்த விரல்கள் அவளுடையவை. விரலைக் குத்தும் ஊசிப் பேனாவின் ஆழத்தைக் கூட்டி வைத்தாலும் ரத்தம் எட்டிப்பார்க்க மறுக்கும். சோதனைப் பட்டை அரிசியைவிடச் சற்றே அகலம். எந்த முனை உள்ளே, எந்த முனை ரத்தத்துக்கு என்பது அவளுக்குத் தெரியாது. திரையில் எண் தோன்றி, அவள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், கருவி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பிப் என்று அது எழுப்பும் மெல்லிய ஒலியும் அவள் காதுக்கு எட்டவில்லை. இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள், எழுபத்தாறு வயதுக்காரி ஒருத்தியை எதிரில் உட்காரவைத்து ஒருமுறையாவது பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவள் விடவில்லை. மாடி வீட்டுப் பெண்ணிடம் நகச்சாயம் வாங்கி, அழுத்தவேண்டிய பொத்தான்மீது ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். விரலைக் குத்துவதற்கு முன் வெந்நீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் ரத்தம் இளகி வரும் என்று தானே கண்டுபிடித்தாள். கண்ணாடியை முதலில் மாட்டிக்கொண்ட பிறகே கருவியைத் தொடுவது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் முடிவதற்குள் அவள் கை பழகிவிட்டது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் என் முன்னால் ஒருமுறை பார்ப்பாள். எட்டு மணிக்கு நான் பேருந்து பிடிக்கக் கிளம்பிவிடுவேன்.

அதே காலத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அவற்றை நான் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை.

முதலாவது, ஐம்பது பட்டைகள் கொண்ட டப்பா பதினைந்து நாளைக்குள் தீர்ந்துபோனது. முதிய விரல்கள் பட்டைகளை வீணாக்குகின்றன என்று நானாக எண்ணிக்கொண்டேன். கேட்டால் வருத்தப்படுவாள் என்று, சத்தமில்லாமல் புது டப்பா வாங்கிப் பழைய டப்பா இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். அதை அப்போது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது, தம்பி கவலைப்படத் தொடங்கினான். வாராந்தரச் சுருக்கத்தில் அம்மாவின் சராசரி ஏறிக்கொண்டே போனது. காலை அளவு நன்றாக இருக்கிறதே என்று நான் சொன்னேன். சராசரி பொய் சொல்லாது என்று அவன் சொன்னான். மருத்துவரும் சராசரியைப் பார்த்துக் காலை மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரையாக்கினார். மூன்று வாரம் கழித்து இரண்டாக்கினார். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலை கொஞ்சம் கிறுகிறுப்பதாகச் சொன்னாள், வெயில் என்றாள்.

ஒரு வியாழக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், நூலகத்துத் தொலைபேசியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி என்னை அழைத்தார்; வேலை நேரத்தில் என் கைபேசியை அணைத்து வைத்திருப்பேன். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்ப்பவரின் மனைவி. வீட்டில் தையல் தைப்பார். அம்மாவுக்கு மகள் வயது, எனக்கு நாலைந்து வயது இளையவர்.

"யக்கா, பதறாத. அம்மா இப்போ ஒக்காந்துகினுதான் கீறாங்க. நாப்பத்தெட்டு காட்டிச்சு. சக்கரைய அள்ளி வாயில போட்டுட்டேன். இப்போ எழுபத்தொண்ணு."

வெளியே சரக்குப்பெட்டி லாரிகள் நகராமல் நின்றிருந்த சாலையில், கிடைத்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த எண்கள் எனக்கு உறைத்தன. நாற்பத்தெட்டு. இன்னும் சற்று இறங்கியிருந்தால் அவள் நினைவிழந்திருப்பாள். அதற்குப் பிறகுதான் இன்னொன்றும் தோன்றியது. எதிர்வீட்டுப் பெண்மணிக்கு அந்தக் கருவியில் எண் பார்க்கத் தெரிந்தது எப்படி?

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வியர்வையில் நனைந்த ரவிக்கையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் முன்னால் மூன்று நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் தேநீர் டம்ளர்கள் இருந்தன. தரையில் பயன்படுத்திய ஊசிகளைப் போடுவதற்கென்று மூடியில் துளையிட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா. ஒரு சிறிய மருத்துவமனை என் வீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. கூடத்தின் மூலையில், ஒலி அணைந்த நிலையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அம்மாவின் கைபேசியில் தம்பியின் அழைப்புகள் ஒன்பது காத்திருந்தன. அந்த நாற்பத்தெட்டு அதே நிமிடத்தில் அவனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எண் போனதே தவிர, அவன் குரலை யாரிடமும் கொண்டுசேர்க்க அந்தக் கருவியால் முடியவில்லை.

எங்கள் சந்தின் வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். ஒரு வீட்டில் ஏணி இருந்தால் அது சந்துக்கே ஏணி. நான் சிறுமியாக இருந்தபோது முதல் தொலைபேசி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அந்த எண் சந்தில் இருந்த எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகியிருக்கும். யாருக்கு அழைப்பு வந்தாலும் அம்மா வாசலில் நின்று குரல் கொடுப்பாள். ஆள் இல்லையென்றால் செய்தியை மனதில் வாங்கிவைத்து மாலையில் பிசகாமல் ஒப்பிப்பாள். சர்க்கரை பார்க்கும் கருவியும் அதே வழியில்தான் வந்து சேர்ந்தது. சமையல் முடிந்து பதினொரு மணி வாக்கில் எதிர்வீட்டுப் பெண்மணி, மாடி வீட்டுப் பெண்ணின் மாமியார், கோடி வீட்டில் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர் என்று வருவார்கள். அம்மா வெந்நீர் டம்ளரைக் கையில் கொடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் புது ஊசி போட்டுப் பார்த்துச் சொல்லுவாள். இதை அவள் மறைக்கவில்லை. ஏணியைக் கொடுத்ததை யாராவது மகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அன்று எதிர்வீட்டுப் பெண்மணியின் விரலைப் பிடித்தபோது அம்மாவின் கை ஆடியிருக்கிறது. வியர்த்துக் கொட்டியிருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. அவர் உடனே ஊசிப் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே, அவளுடைய விரலில் குத்திப் பார்த்திருக்கிறார்.

அன்று மாலையே மருத்துவரிடம் போனோம். தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் இளம் பெண் மருத்துவர். அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பெண்மணியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்; ஆனால் கிளினிக்கில் வாசலோடு நின்றுவிட்டார். மருத்துவர் முதல்முறையாகச் சுருக்கத்தை விட்டுவிட்டு, அம்மாவின் கைபேசியில் இருந்த முழுப் பட்டியலையும் திறந்து பார்த்தார். விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"ஏழு நிமிஷத்துல நூத்திப் பன்னெண்டு, முந்நூத்தி நாப்பது ஆகாதும்மா. இது ஒரே ஆளோட ரத்தமா?"

"இல்ல," என்றாள் அம்மா. குரலில் குற்றவுணர்ச்சியே இல்லை. "எல்லாரோடதும் கீது."

மருத்துவர் நிமிர்ந்தார். அம்மா அவருக்குப் பொறுமையாக விளக்கினாள்.

"பாத்து முட்ச்சா அது போய்டும்ல? தராசுல ஒர்த்தர் சரக்க எறக்கிட்டா முள்ளு நடுவுக்கு வந்துடும். அடுத்தவங்களுக்கு அடுத்த எடை. தராசு யாரையும் ஞாபகம் வச்சிக்காதும்மா."

அந்த அறையில் அப்போது எனக்கு எல்லாம் தெளிவாகியது. ஒரு கருவிக்கு ஓர் உடம்பு என்று அதைச் செய்தவர்கள் நம்பியிருந்தார்கள். அளந்ததும் மறந்துவிடும் என்று அம்மா நம்பியிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் நான்; அந்தச் சிறிய எழுத்தைப் படித்தவள். அம்மாவின் பெயருக்குக் கீழே சந்து முழுவதன் ரத்தமும் சேர்ந்து ஒரு சராசரியாகியிருந்தது. அந்தச் சராசரிக்கு மாத்திரை விழுங்கியவள் அவள் ஒருத்திதான்.

மருத்துவர் தன் தவறையும் ஒப்புக்கொண்டார்; பட்டியலைத் திறந்து பார்த்திருக்கவேண்டும் என்றார். மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்கினார். ஊசியை மாற்றினாலும் ஒரே ஊசிப் பேனாவைப் பலர் பயன்படுத்தக்கூடாது, ஒருவரின் நோய் மற்றவருக்குப் போகக்கூடும் என்று சொன்னார். அதுவரை நேராக உட்கார்ந்திருந்த அம்மா அதைக் கேட்டதும் சற்றுக் குனிந்தாள். ஈ மொய்த்த ஒரு துண்டுக் கருவாட்டைக்கூட யாருக்கும் நிறுத்துக் கொடுக்காதவள்.

பிறகு மருத்துவர் ஒரு வேலை செய்தார். தேதியையும் நேரத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அது யாருடையது என்று சொன்னாள். இது கோடி வீட்டுக்காரர், அன்று மாம்பழம் தின்றுவிட்டு வந்தார். இது மாடி வீட்டு மாமியார். இது நான், என்றாள். ஒரு காலத்தில் தொலைபேசியில் வந்த செய்திகளை வைத்திருந்த அதே இடத்தில், அவள் இந்த எண்களையும் வைத்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு சொன்ன பிறகு, மருத்துவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. இருநூற்றைம்பதுக்கு மேல் போன அளவுகள் அனைத்தும் ஒரே ஆளுடையவையாக இருந்தன. அந்த ஆள் வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

எதிர்வீட்டுப் பெண்மணியை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, ஏன் எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை என்று மருத்துவர் கேட்டார். எதிர்வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அம்மாவோட நம்பர இந்த மிசினு டாக்டருக்கு அனுப்பிடும்னு அம்மா சொன்னாங்க, என்னுதும் அப்டியே போவும்னு நெனச்சிகினேன். ஏதுனா பேஜாருன்னா நீங்களே கூப்ட்டு சொல்வீங்கனு இருந்தேன்."

மூன்று மாதம் அவர் அப்படிக் காத்திருந்திருக்கிறார். தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில், கால் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, தையல் மிஷினை மிதித்திருக்கிறார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்; திரும்பி வரும் வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்குத் தம்பி தொலைபேசியில் கோபப்பட்டான். அவனுடைய கோபம் பயத்தின் மறுவடிவம் என்று எனக்குத் தெரியும்; அம்மாவுக்கும் தெரியும். இனி வேறு யாரும் கருவியைத் தொடக்கூடாது என்றான். அம்மா சரி என்றாள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நான் கூடத்துக்கு வந்தபோது கருவி அதன் இடத்தில் இல்லை. பீரோவின்மேல், அப்பாவின் படத்துக்குப் பின்னால், பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

"என் ஒர்த்திக்கினு வச்சிக்க எனக்குக் கூச்சமா கீதுடா நைனா," என்று தம்பியிடம் அன்று மாலை தொலைபேசியில் சொன்னாள். "அதான் மாத்தர கொறச்சிட்டாங்களே. வுடு."

மாத்திரையைக் குறைத்த அந்த நேரத்தில்தான் அவளுடைய அளவு எங்களுக்கு முன்னெப்போதையும்விட அவசியமாகத் தேவைப்பட்டது. நான் கெஞ்சினேன். தினமும் கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். மறுத்தாள். கையேட்டைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். படிக்கத் தெரியாமலா இது நடந்தது என்று கேட்டாள். ஒன்பது நாட்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் ஓர் எண்ணும் தெரியாமல் கழிந்தன. காலையில் அவள் எழுந்திருக்கும் ஓசையை நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். பாத்திரம் நழுவினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். கருவியைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலத்து மகளாக நான் ஒன்பது நாள் இருந்தேன்.

பத்தாம் நாள் ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து வந்து அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்மணி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். மருத்துவர் சொல்லி வாங்கியது. கைபேசி இணைப்பெல்லாம் இல்லாத, பெரிய எண் காட்டும் எளிய கருவி. தனி ஊசிப் பேனாவும் இருந்தது. அவர் அதை அம்மாவின் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"யம்மா, இதுல எந்தப் பக்கம் பட்டை சொருவறதுனே தெர்ல. ஒரு வாட்டி சொல்லிக் குடு."

நாற்பத்தெட்டு என்ற எண்ணை யார் துணையும் இல்லாமல் பார்த்துச் சொன்னவர் அவர். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தக் கருவியைக் கையில் எடுத்து, ஏற்றி இறக்கி எடை பார்த்தாள்.

"இன்னாடி, இத்தினி நாளா பாத்துகினு இருந்த, இப்போ தெர்லன்ற?"

"ஒன் மிசினு வேற, இது வேறம்மா. நீ ஒன்னுதுல போட்டுக் காட்டேன், நான் அதப் பாத்துப் போட்டுக்கறேன்."

அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். புரிந்துகொண்டாளா, புரிந்தும் புரியாததுபோல இருந்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு என்னைப் பார்த்து, பீரோ மேலிருந்து அதை எடுத்துத் தரச் சொன்னாள். வெந்நீர் டம்ளரை இரண்டாக வைக்கச் சொன்னாள்.

அம்மாவுக்கு நூற்று நாற்பத்தொன்று. எதிர்வீட்டுப் பெண்மணிக்கு இருநூற்றுப் பத்து. மாத்திரை தொடங்கிய பிறகு அதுவே நல்ல இறக்கம். இரண்டும் அவரவர் கருவியில் இருந்தன. நான் அம்மாவின் கருவியில் தானாக எண் அனுப்பும் வசதியை, அவளைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகு நிறுத்தினேன். இப்போது அவளே தம்பியை அழைத்துத் தன் எண்ணைச் சொல்கிறாள். எண்ணுக்குப் பிறகு, என்ன தின்றாள், எங்கே போனாள், ஏன் ஏறியிருக்கிறது என்பதையும் சொல்கிறாள். சுருக்கத்தில் இவையெல்லாம் வந்ததில்லை என்று அவன் என்னிடம் ஒருமுறை சொன்னான். பதினொரு மணிக்கு நாற்காலிகள் இன்னும் போடப்படுகின்றன. கோடி வீட்டுக்காரரும் தனக்கென்று ஒன்று வாங்கிவிட்டார். மாடி வீட்டு மாமியார் வாங்கவில்லை. தேநீருக்கு மட்டும் வருகிறார்.

பழைய பதிவுகளை அழித்துவிடச் சொன்னான் தம்பி. அழிப்பதற்கு முன் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுவதும், ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த கரித்தூளைத் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து, நான் எண்ணைப் படிக்க அம்மா ஆளைச் சொல்ல, மூன்று மாத ரத்தத்தையும் பிரித்து அவரவர் பக்கத்தில் எழுதினேன். ஒரே ஓர் எண் மிஞ்சியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபதுக்குப் பார்த்த தொண்ணூற்றாறு. அம்மாவுக்கு ஆள் நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் கேன் போட வந்தவரா, தபால்காரப் பெண்ணா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"யாரா இருந்தா இன்னா," என்றாள் கடைசியில். "நல்லாதான் கீறாங்க. வுடு."